கசாபிளாங்கா: காதல் படம் என்று நம்பிப் பார்த்தவருக்கு

நீங்கள் கேட்டது இதுதான். திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. கணவர் ரொறன்ரோவில், நீங்கள் யாழ்ப்பாணம் கொக்குவிலில், ஸ்பொன்சர் கடதாசிகள் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே இரவும் அங்கே காலையுமாக இருக்க, தொலைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் கசாபிளாங்கா பார்த்திருக்கிறீர்கள். உலகத்தின் தலைசிறந்த காதல் படம் என்று சொல்லி அதைத் தெரிந்தெடுத்தவர் அவர். படம் முடிந்தபோது அவருடைய குரல் தழுதழுத்திருந்தது. உங்களுக்கோ ஒன்றுமே தோன்றவில்லை. இந்த இரண்டு பேரும் எப்போது காதலித்தார்கள் என்று விளங்கவில்லை, எல்லாம் எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது, அந்தப் பெண்ணுக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு முடிவெடுக்கக்கூட இடமில்லை என்று நீங்கள் சொல்ல, உமக்குப் பழைய படம் பார்க்கிற பொறுமை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். பிழை உங்களிலா, படத்திலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, உங்களில் இல்லை. முழுக்கப் படத்திலும் இல்லை. அதன்மேல் பிற்காலத்தில் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டில்தான் பெரும்பங்கு பிழை இருக்கிறது. 2002 இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் நூறு காதல் படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு அதில் கசாபிளாங்காவுக்கு முதலிடம் கொடுத்தது. அதைப் பார்த்தே உங்கள் கணவரைப் போன்ற ஆயிரம் பேர் தங்கள் மனைவிமாருக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருப்பார்கள். படத்தை எடுத்தவர்களுக்கு அப்படியொரு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. மேடையேறாத ஒரு நாடகத்தை வாங்கி, மைக்கல் கேர்ட்டிஸை இயக்குநராகப் போட்டு, 1942 மே மாதக் கடைசியில் தொடங்கி ஓகஸ்ட் தொடக்கத்தில் எடுத்து முடித்த ஒரு போர்க்காலப் படம் அது. அந்த நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆபிரிக்காவில் தரையிறங்கின; மூன்று கிழமை கழியுமுன் நியூயோர்க்கில் படம் திரையிடப்பட்டது. பத்திரிகையில் அன்றாடம் அடிபட்ட ஊரின் பெயரே படத்தின் பெயராகவும் இருந்தது. 1944 மார்ச்சில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என்று மூன்று ஒஸ்கார் விருதுகளும் கிடைத்தன. ஆனால் இன்றைக்குள்ள வழிபாடு, 1957 ஜனவரியில் கதாநாயகனாக நடித்த ஹம்ப்ரி போகார்ட் இறந்த பிறகு, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள பிராட்டில் படமாளிகையில் அவருடைய படங்களைப் பரீட்சைக் காலங்களில் திரும்பத் திரும்பப் போட, மாணவர்கள் வசனங்களை மனப்பாடமாக ஒப்புவித்ததிலிருந்துதான் வளர்ந்தது. போரும் விசாவும் மெல்ல மறக்கப்பட, தொப்பியும் மழைக்கோட்டும் கண்ணீரும் எஞ்சி, அது காதல் படமாயிற்று.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நானும் ஏமாந்தவன். 1986 இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு நண்பன் வீட்டு விறாந்தையில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த இரவொன்றில், இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவில், ஆங்கிலம் தெரிந்தவன் என்ற பெருமைக்காக நான் தெரிந்தெடுத்த கசற் இது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படம் என்றால் ரீகல் தியேட்டர் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். துப்பாக்கியும் குதிரையும் இல்லாத ஆங்கிலப் படத்தை எங்கள் கூட்டத்தில் பலர் மதிப்பதில்லை. பாரிஸ் நகர நினைவுக் காட்சி வந்தபோது எனக்கு நித்திரை வந்துவிட்டது. விமான நிலையத்துக்குத்தான் விழித்தேன். நண்பனின் தாயார், வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "அவள் புருசனோடைதானே போறாள், அதுக்கேன் எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கினம்?" என்று கேட்டார். இன்றுவரை நான் வாசித்த விமர்சனங்களில் அதற்கு நிகரான சுருக்கமான ஒன்றை நான் காணவில்லை.

நீங்கள் சொன்ன முதற்குறை, காதல் நம்பும்படியாக இல்லை என்பது, சரியானதே. மதுக்கடைக்காரன் றிக்கும் அவனுடைய பழைய காதலி இல்சாவும் பாரிஸில் காதலித்ததற்குப் படம் தரும் சாட்சியம் எவ்வளவு? காரில் ஒரு பயணம், ஆற்றில் ஒரு படகு, ஒரு நடனம், சில கிண்ணம் ஷம்பேன், பிறகு ஜேர்மன் படையின் பீரங்கி ஓசை, மழையில் எழுத்துக் கரையும் ஒரு கடிதம். காருக்குப் பின்னால் ஓடும் பாரிஸ் தெரு முன்பே எடுத்து வைத்திருந்த படத்துண்டு. படத்தின் மிகப்பெரும் பகுதி கலிபோர்ணியாவில் ஸ்ரூடியோவுக்குள் எடுக்கப்பட்டது. ஒருவரைப் பற்றி ஒருவர் எதையும் கேட்பதில்லை என்பது அவர்களுக்கிடையிலான ஒப்பந்தம். எதையும் கேட்காத இருவரைப் பற்றி நமக்கும் எதுவும் தெரிய வருவதில்லை. நம்முடைய படங்கள் இரண்டரை மணித்தியாலமும் ஐந்தாறு பாட்டும் எடுத்துக்கொண்டு, தாயையும் தகப்பனையும் சாதியையும் காணியையும் குறுக்கே நிறுத்தி, காதலை வளர்த்துக் காட்டப் பழகியவை. இது 102 நிமிடத்தில் போரையும் சூதாட்டத்தையும் கடத்தலையும் சொல்லி முடித்து, மிஞ்சிய இடத்தில் காதலையும் வைக்கிறது. பார்ப்பவர் தன் சொந்தக் காதலைக் கொண்டுவந்து அந்த இடைவெளியை நிரப்பவேண்டும். நிரப்பியவர்கள் அழுகிறார்கள்.

இதற்குள் ஒரு தொழில் இரகசியமும் இருக்கிறது. படப்பிடிப்பு நடக்க நடக்கத் திரைக்கதை எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்களில் தான் எவரை நேசிக்கிறேன் என்று கேட்டதற்கு, இன்னும் தெரியாது, நடுவில் நின்று நடியுங்கள் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக இல்சாவாக நடித்த இன்கிரிட் பேர்க்மன் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் தடுமாற்றம் அவருடைய முகத்தில் ஓர் ஆழமான மர்மமாகப் பதிந்திருக்கிறது என்பது ஒருபுறம். மறுபுறம், கணவன் உயிரோடிருக்கும் பெண் இன்னொருவனோடு போய்விடுவதாகக் கதையை முடிக்க அன்றைய ஹொலிவூட்டின் தணிக்கை விதிகள் இலேசில் இடம் கொடுத்திருக்கமாட்டா. அவள் கணவனோடுதான் விமானம் ஏறவேண்டும் என்பது ஏறத்தாழ முன்கூட்டியே தீர்ந்த விடயம். எப்படி ஏற்றுவது என்பதுதான் எழுத்தாளர்களின் சிக்கல். நண்பனின் தாயாரும் தணிக்கையாளரும் ஒரே கட்சி.

எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது என்ற குறையில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. வெளியே முரடும் உள்ளே ஈரமுமான மதுக்கடைக்காரன், பழைய பாட்டைக் கேட்டதும் முகம் மாறும் காதலன், பனிமூட்டத்தில் விமானம் என்று இதன் ஒவ்வொரு துண்டையும் எண்பது வருடமாக எல்லா மொழியிலும் எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள். பேரப்பிள்ளைகளை முதலில் பார்த்துவிட்டுப் பாட்டனைப் பார்ப்பவருக்குப் பாட்டன்தான் சாயல் பிடித்தவர்போலத் தெரிவார். பியானோக்காரர் சாமைப் பார்த்து, மறுபடியும் வாசி என்று சொல்வதாக ஊரெல்லாம் மேற்கோள் காட்டும் வசனம்கூட அந்தச் சொற்களில் படத்தில் எங்கும் இல்லை.

இனி, அந்தப் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டுப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு வருகிறேன்.

1993 இல் நான் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டுப் புறப்பட்டேன். உங்களுடைய வயதுக்காரருக்கு அந்த நடைமுறை தெரியாமல் இருக்கலாம். வெளியே போவதற்கு அப்போது புலிகளிடம் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் எடுப்பதற்கு, போகிறவன் திரும்பி வருவான் என்று ஊரில் இருக்கும் ஒருவர் பிணை நிற்கவேண்டும். எனக்கு அண்ணன் பிணை நின்றார். கிளாலியில் இரவுப் படகு, பிறகு வவுனியா, பிறகு கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ். அறைக்கு நான்கு பேர். நான்கு பேரும் ஏதோ ஒரு நாட்டுக்குப் போகக் காத்திருப்பவர்கள். ஏஜென்சிக்காரன் இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் பக்கத்துக் கடைக்கும் போகமுடியாது. அந்த லொட்ஜின் கீழ் மாடியில் இருந்த ரீவியில், பெயரைப் பார்த்துச் சண்டைப் படம் என்று நினைத்து ஒரு பெடியன் எடுத்துவந்த கசற்றில், கசாபிளாங்காவை இரண்டாம் முறை பார்த்தேன்.

படம் ஒரு வரைபடத்தோடு தொடங்குகிறது, நினைவிருக்கிறதா? பாரிஸிலிருந்து மார்செய், மத்தியதரைக் கடலைக் கடந்து ஓரான், அங்கிருந்து ரயிலிலோ காரிலோ நடந்தோ கசாபிளாங்கா. அங்கே பணமோ செல்வாக்கோ அதிட்டமோ உள்ளவருக்கு வெளியேறும் விசாவும், லிஸ்பனும், அமெரிக்காவும். மற்றவர்கள் காத்திருப்பார்கள், காத்திருப்பார்கள் என்று ஒரு குரல் அடுக்கிக்கொண்டே போகிறது. மொஸ்கோ, பாங்கொக், மேற்கு ஆபிரிக்கா என்று தங்கள் தங்கள் பாதைகளை ஏஜென்சிக்காரனிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்த அத்தனை பேரும் அந்த வரைபடத்தில் கோடு நகர நகரக் கதிரைகளை முன்னுக்கு இழுத்தார்கள். ஆங்கிலம் தெரியாதவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. றிக்கின் மதுக்கடையில் ஒரு பெண் தன் வைரங்களை விற்க முனைகிறாள், எல்லோரும்தான் வைரம் விற்கிறார்கள் என்று சொல்லி வாங்குபவன் விலையைக் குறைக்கிறான். என் பக்கத்தில் இருந்தவர் தன் மனைவியின் தாலிக்கொடியைச் செட்டியார் தெருவில் விற்றுவிட்டு வந்தவர். மறுநாள் அமெரிக்கா போகவிருக்கும் ஒரு முதிய தம்பதி, இனி ஆங்கிலத்தில்தான் பேசுவது என்று முடிவுசெய்து, பிழை பிழையான ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் நேரம் கேட்டுக்கொள்கிறார்கள். பரிமாறுபவர் மிகுந்த மரியாதையோடு, அமெரிக்காவில் நன்றாகச் சமாளிப்பீர்கள் என்கிறார். எங்கள் லொட்ஜில் காரைநகர் பெரியவர் ஒருவர் காலையில் பல் விளக்கும்போது ஜேர்மன் மொழியில் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணிப் பழகுவார். அன்றிரவு எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம். அவரும் சிரித்தார், பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்தக் காட்சிகள் ஏன் இப்படி உயிரோடு இருக்கின்றன என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெயர் போடப்பட்ட பதினான்கு நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர். நாஜி மேஜராக நடித்த கொன்ராட் வைற் யூத மனைவியோடு 1933 இல் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். களவெடுத்த கடிதங்களை விற்கவரும் உகார்ட்டேயாக நடித்த பீற்றர் லோர் அதே வருடம் வெளியேறியவர். றிக்கால் கைவிடப்பட்ட இவோனாக வரும் மடலின் லெபோவும், சூதாட்ட மேசையில் நிற்கும் மார்செல் டாலியோவும் நிஜத்தில் கணவன் மனைவி. ஜேர்மன் படை நுழையுமுன் பாரிஸை விட்டோடி, லிஸ்பன் வழியாகத் தப்பியவர்கள். அதாவது படத்தின் தொடக்கத்தில் வரைபடத்தில் ஓடுகிற கோட்டின் கடைசிப் பகுதியில் உண்மையாகவே பயணம் செய்தவர்கள். ஜேர்மன் அதிகாரிகளின் பாட்டை அடக்கிக்கொண்டு மதுக்கடை முழுவதும் பிரெஞ்சுத் தேசிய கீதம் பாடும் காட்சியில் லெபோவின் கன்னத்தில் வழிவது கிளிசரின் என்று என்னால் நம்பமுடியவில்லை.

கதையின் அச்சாணியாகிய, வைத்திருப்பவரைக் கசாபிளாங்காவை விட்டு வெளியேறவிடும் அந்த இரண்டு பயணக் கடிதங்கள் வெறும் கற்பனை. அப்படியொரு பத்திரம் உலகத்தில் இருந்ததே இல்லை. இரத்துச் செய்யவோ கேள்வி கேட்கவோ முடியாத கையெழுத்து என்கிறார்கள். கேள்வி கேட்காமல் ஒரு கடதாசியைத் திருப்பித் தந்த சோதனைச்சாவடியை எங்களில் எவரும் கண்டதில்லை என்பதால், லொட்ஜில் அந்த வசனத்துக்குப் பெரிய சிரிப்பு எழுந்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் படத்தில் காதல் இல்லாமலும் இல்லை. அது சுவரொட்டியில் இருக்கும் இருவரிடம் குறைவாகவும், ஓரத்தில் இருப்பவர்களிடம் நிறைவாகவும் இருக்கிறது. நேரம் கேட்டுப் பழகும் முதிய தம்பதியிடம் இருக்கிறது. பல்கேரியாவிலிருந்து வந்த இளம்பெண்ணிடம் இன்னும் கூடுதலாக இருக்கிறது. விசாவுக்கு விலையாகப் பொலிஸ் அதிகாரி ரெனோ தன்னையே கேட்கிறான், கணவனுக்குத் தெரியாமல் அதைச் செய்தால் அது மன்னிக்கத்தக்கதா என்று அவள் பெயர் சொல்லாமல், சுற்றிவளைத்து றிக்கிடம் கேட்கும் அந்தச் சிறிய உரையாடலில், பாரிஸ் நினைவுக் காட்சி முழுவதிலும் இல்லாத காதலும் பயமும் இருக்கின்றன. றிக் எரிந்துவிழுந்துவிட்டு எழுந்து போய், அவளுடைய கணவனை 22 என்ற எண்ணில் இரண்டு முறை பணம் வெல்லச் செய்கிறான். அடுத்த முறை பார்த்தால் அந்தப் பகுதியை மட்டும் பாருங்கள்.

இடையில் ஒன்று. அகத்திணையில் பாலை முழுவதும் பிரிவைப் பற்றியதுதான்; ஓதல், பகை, தூது என்று பிரிவுக்குக் காரணங்களை எண்ணிவைத்த தொல்காப்பியர், "முந்நீர் வழக்கம் மகடூஉவோ டில்லை" என்று ஒரு விதியும் சொல்லிவைத்தார். கடல் கடந்து போவது பெண்ணோடு இல்லை. போகிறவன் ஆண், இருந்து நெஞ்சு நோகிறவள் பெண். கசாபிளாங்காவில் அது தலைகீழ்: பெண் கடல் கடக்கிறாள், ஆண் ஓடுபாதையில் நிற்கிறான். தமிழிலக்கியம் படிப்பிப்பவர் நீங்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த விதியை எங்கள் ஊர்ப் பெண்கள் எப்போது மீறத் தொடங்கினார்கள் என்று வகுப்பில் கேட்டால் எத்தனை கைகள் உயரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் உங்களுடைய மூன்றாவது குறையை நான் எவ்வளவு முயன்றாலும் போக்கமுடியாது, போக்க விரும்பவுமில்லை. துப்பாக்கியை நீட்டிக் கடிதத்தைக் கேட்கும் இல்சா, சுடமுடியாமல் உடைந்து, இனி நம் இருவருக்காகவும் நீங்களே யோசிக்கவேண்டும் என்கிறாள். அதன்பிறகு அவளிடம் எதையும் எவரும் கேட்பதில்லை. அவளுடைய பயணம் இரண்டு ஆண்களுக்கிடையே தீர்மானிக்கப்பட்டு, ஓடுபாதையில் அவளுக்கு அறிவிக்கப்படுகிறது. இறந்துவிட்டான் என்று நம்பிய கணவன் உயிரோடு, நோயோடு, பாரிஸுக்கு வெளியே கிடக்கிறான் என்று அறிந்து, காதலனை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போனாளே, அந்த ஒரு முடிவு அவள் தானே எடுத்தது. படத்திலேயே மிகக் கடினமான முடிவு அதுதான். அது நம் கண்ணுக்குக் காட்டப்படவே இல்லை, ஒரு கடிதத்தின் வழியாக ஆணின் துயரமாகவே நமக்கு வந்து சேர்கிறது. அதைக் காட்டியிருந்தால் உங்களுக்கு இந்தப் படம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். ரெனோவின் விசா வியாபாரத்தை ஒரு குறும்புக்காரனின் பலவீனம்போல மென்மையாகச் சிரித்துக் கடப்பதும் எனக்கு வயது போகப் போகக் கசக்கிறது. அடிமைப்பட்ட பிரான்சுக்காகக் கண்ணீர் விடும் இந்தப் படத்தில், பிரான்சுக்கு அடிமைப்பட்டிருந்த மொறோக்கோவின் மக்கள் கதவு திறப்பவர்களாகவும் துணி விற்பவர்களாகவும் மட்டும் வந்து போகிறார்கள் என்பதை அந்நியரால் ஆளப்பட்ட ஊர்க்காரன் ஒருவன் கவனிக்காமல் இருக்கமுடியாது. கறுப்பினப் பியானோக்காரர் சாம்தான் அந்தக் காதல் முழுவதற்கும் சாட்சி. அவருக்கென்று ஒரு கதை இல்லை.

இத்தனை குறையோடும் அந்தக் கடைசிக் காட்சியில் ஒரு நொடி என்னை விடுவதில்லை. மூடுபனிக்குள் நிற்பது அட்டையில் செய்த சின்ன விமானம் என்று இன்று எனக்குத் தெரியும். அதுவல்ல. றிக் கடிதங்களை ரெனோவிடம் நீட்டி, பெயர்களை நீங்களே நிரப்புங்கள் என்கிறான். எழுதவேண்டிய பெயர்கள் திருவாளர் விக்டர் லாஸ்லோவும் திருமதியும், அதாவது இல்சாவின் கணவனும் இல்சாவும், என்று சொல்கிறான். நெடிய வசனமெல்லாம் அதற்குப் பிறகுதான். தன்னுடைய பெயர் இருந்திருக்கக்கூடிய ஒரே கடதாசியில் இன்னொருவரின் பெயரை எழுதச் சொல்வதை லொட்ஜில் பார்த்தபோது எனக்கு இல்சாவின் நினைவோ பாரிஸின் நினைவோ வரவில்லை. பாஸ் படிவத்தில், பிணை நிற்பவர் என்ற கோட்டுக்கு மேலே, அண்ணன் தன் பெயரை ஆறுதலாக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில், முழுப்பெயராக எழுதியது நினைவுக்கு வந்தது. நான் ஏஜென்சிக்காரனிடம் கட்டிய பணம் போய்விட்டது. எந்த நாட்டுக்கும் போகவில்லை. 2002 இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பி வந்தேன். நான் திரும்பாத அந்த வருடங்களில் தனக்கு என்ன நடந்தது என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை.

உங்கள் கணவர் எந்த வருடம், எந்த வழியாக, எவருடைய பிணையில் கனடாவுக்குப் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கதைக்கும்போது, படத்தில் எந்த இடத்தில் அவருக்குத் தொண்டை அடைத்தது என்று கேளுங்கள்: விமானம் கிளம்பும்போதா, வரைபடத்தில் கோடு நகரும்போதா, அந்த முதியவர் மனைவியிடம் நேரம் கேட்கும்போதா என்று.